வழியில் கிடந்த தழை

தழை இருந்தது. இல்லை என்று சொன்னேன். தன் மனைவியின் சாவுக்குத் தானே காரணம் என்று ஒரு மனிதனை நம்ப வைத்தேன்... இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். சுற்றி வளைத்துப் பேசினால் நடுவிலேயே ஓடி ஒளிந்துகொள்வேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்த வருடம். நான் சேலத்தில் பள்ளி ஆசிரியன், புது மாப்பிள்ளை. அரையாண்டு விடுமுறைக்கு என் மனைவி சரோஜாவுடன் தேன்கனிக்கோட்டைக்குப் போயிருந்தேன். அவளுடைய மாமாவுக்கு அந்தச் சின்ன மலையூரில் பூட்டிக்கிடந்த வீடு ஒன்று இருந்தது. அங்கே தங்கிக்கொண்டு தினமும் காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவோம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். ஒரு நாள் தளி ஏரி, ஒரு நாள் இராயக்கோட்டை, ஒரு நாள் அஞ்செட்டிப் பக்கம்.

நான் பயந்தாங்கொள்ளி. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே! இராயக்கோட்டை மலையில் பாதி ஏறியதும் வெயில் ஏறிவிட்டது என்று சொல்லி இறங்கிவிட்டேன். அஞ்செட்டிப் பாதையில் புதர் அசைந்தது, திரும்பிவிட்டேன். வெளியே வந்தது ஒரு கன்றுக்குட்டி. சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றாள்.

"உங்ககூட வந்தா எல்லா மலையும் பாதி மலைதான்" என்றும் சொன்னாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது முள்ளாகத் தைத்தது.

எங்களுக்கு மோர் கொடுக்க வந்தவள் மாதம்மா. ஊருக்கு மேலே, காட்டை ஒட்டிய சின்னக் குடியிருப்பிலிருந்து பானையைத் தலையில் சுமந்து வருவாள். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். சரோஜாவுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. தங்கள் குடியிருப்புக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் நின்றால் மைசூர்ச் சீமை வரை தெரியும் என்று ஆசை காட்டியவள் அவள்தான். கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னாள்.

ராகி அறுப்புக் காலத்தில் கன்னடக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். குடியிருப்புக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, "பெரியவங்க" என்பார்கள். அவை ஒரு வழியில் நின்றால், காவல் முறைக்காரன் அந்த வழி தொடங்கும் இடத்தில் பச்சைத் தழையை ஒடித்துக் குறுக்கே போட்டு, மேலே கல் வைப்பான். தழை கிடந்தால் யாரும் அதைத் தாண்ட மாட்டார்கள், சுற்றுப்பாதையில் போவார்கள். போட்டவனே எடுக்க வேண்டும். வேறு கை அதில் படக்கூடாது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எனக்காக வாதாடிவிடக் கூடாது!

கடைசி நாள், மத்தியானத்துக்கு மேல், அந்தப் பாறையைப் பார்க்கக் கிளம்பினோம். இந்த ஒரு முறையாவது பாதியில் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். குடியிருப்பைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிந்தது. மூங்கில் காட்டுக்குள் போவது குறுக்குவழி. சரோஜா செருப்பில் ஏறிய முள்ளை எடுக்கப் பின்னால் நின்றுவிட்டாள். நான் முன்னே போனேன்.

குறுக்கே புங்கந்தழை கிடந்தது, மேலே ஒரு கல்.

என்ன நினைத்தேன்? யானையை நினைத்தேனா? இல்லை. சிரிப்பை நினைத்தேன்! சுற்றுப்பாதையில் போனால் இருட்டிவிடும். ஆகவே திரும்ப வேண்டும். அவள் மறுபடியும் சிரிப்பாள். ஒரு தழையைப் பார்த்துமா பயம் என்பாள்... காலால் கல்லைத் தள்ளினேன். தழையைப் புதருக்குள் இழுத்துப் போட்டேன். அவள் வந்தபோது கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூங்கிலுக்குள் எங்கோ கிளை முறியும் சத்தம் கேட்டது. சரோஜா காற்று என்றாள். நானும் காற்றுதான் என்றேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாறைக்குப் போனோம், மைசூர்ச் சீமையைப் பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லையே என்றாள்.

அதே வழியாகத்தான் இறங்கினோம். தழை கிடந்த புதர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துப் போட்டிருக்கலாம். அவள் ஏன் என்று கேட்பாளே! நாங்கள்தான் பத்திரமாக வந்துவிட்டோமே, பெரியவர்களும் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடந்தேன்.

மறுநாள் காலையில் மாதம்மா வரவில்லை.

மலைமேல் மாட்டுப்பட்டியில் பால் கறக்க விடியுமுன் போயிருக்கிறாள். பனிமூட்டம். வழி பிரியும் இடத்தில் தழை இருக்கிறதா என்று குனிந்து பார்த்திருப்பாள்... இல்லை. குறுக்குவழியில் ஏறியிருக்கிறாள். அங்கேயே மிதிபட்டுக் கிடந்தாள்.

அந்த வாரம் காவல் முறை அவள் கணவன் திம்மராயனுடையது. தழையைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகாமல், ராத்திரி முழுவதும் ராகிக் கொல்லையின் பரணில் இருந்திருக்கிறான். போட்டேன் என்று அவன் சொன்னதை ஊரில் யாரும் நம்பவில்லை. போட்டிருந்தால் அவள் ஏன் அந்த வழியில் போகிறாள் என்று கேட்டார்கள்.

நாங்கள் பெட்டியோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அவன் வந்தான். கூட ஊர்க்காரர்கள் இருவர். முந்தின நாள் நாங்கள் அந்தப் பக்கம் போனது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துவிட்டது, இங்கேயே அடித்துக் கொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவன் கைகூப்பினான்!

"வாத்தியாரே, நீங்க படிச்சவங்க. பொய் சொல்ல மாட்டீங்க. அந்த வழியாத்தானே போனீங்க... தழெ கெடந்துச்சுங்களா?"

சரோஜா முந்திக்கொண்டாள். "இல்லீங்களே, நான் பாக்கலியே" என்றாள். அவள் உண்மையைத்தான் சொன்னாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"இல்லை" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"போட்டாப்பலதான் இருக்குது... அப்ப நான் போடலெ போல" என்றான்.

ஊரே நம்பாதபோது அவனாவது தன்னை நம்பிக்கொண்டிருந்தான். என் சொல்லைக் கேட்டு அதையும் விட்டுவிட்டான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

சரோஜா இப்போதும் மழை பெய்யும் நாட்களில் மாதம்மாவைப் பற்றிப் பேசுவாள். பாவம், அந்த மனுஷன் எப்படித்தான் மறந்தானோ என்பாள். தெருவில் ஒடிந்த கிளை கிடந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். என்ன, இன்னும் பயமா என்று அவள் சிரிக்கிறாள். ஆமாம், பயம்தான்! என்றாவது அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அன்றைக்கு ஏன் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டால்?

உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் திம்மராயன் இல்லையே... அவனிடம் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: நீ போட்டாய், திம்மராயா. தழை இருந்தது. அதன் இலைகள் வாடக்கூட இல்லை.