அம்மாவும் சித்தியும் பற்றவைத்த வயர்

ஈயம் உருகும்போது எழும் புகை தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும்; எரிந்த குங்கிலியமும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை என் சிறுவயதில் அம்மாவின் தலைமுடியில் எப்போதும் இருந்தது. ஒரகடம் பக்கம் கைப்பேசிக்கான மின்சுற்றுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில், வரிசையில் நின்று ஈயம் பற்றவைக்கும் 'லைன்' வேலை பார்த்தாள். கம்பெனி பஸ் வல்லம் வடகால் முனையில் இறக்கிவிட்டதும் வீட்டுக்கு வந்து, எனக்குச் சோறு போட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அதிகம் பேசாதது அம்மாவின் இயல்பு என்றே நினைத்திருந்தேன், விமலா சித்தி வரும்வரை.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வாலாஜாபாத்திலிருந்து வந்தவள், பீரோ வேண்டாமென்று பிறந்த வீட்டில் அடம்பிடித்து, ஓர் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் டி.வி.டி. பிளேயரையும் சீர்வரிசையாகக் கொண்டு வந்திருந்தாள். அம்மாவின் கம்பெனியிலேயே, அதே ஷிஃப்டில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் அந்தப் பாட்டுப் பெட்டியைப் போட்டால் பாட்டுக்கு அடியில் 'கொர்' என்று ஓர் இரைச்சல் விடாமல் ஓடியது. "இன்னா இது, பாட்டா, மோட்டாரா?" என்று சித்தப்பா கிண்டலடிக்க, சித்தியின் முகம் சுண்டிப்போனது. அம்மா எழுந்து போய், பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போன வயரை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்ல விமலா, வெறும் ரப்பர் கீது. நாமளே கட்டிக்கலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, உள்ளே ஒரு கம்பியும் அதைச் சுற்றி, இரைச்சலைத் தடுக்கச் செம்பு இழைகளால் பின்னிய உறையும் கொண்ட 'ஷீல்டு வயர்', வயர் முனையில் மாட்டச் சிவப்பும் வெள்ளையுமாகப் பின்கள், ஈயத்தை உருக்கும் 'சால்ட்ரிங் ராடு' எல்லாவற்றையும் தரையில் பரப்பிக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சித்தி இழைகளைப் பிரித்து முறுக்கிப் பிடிக்க, அம்மா உள்கம்பியைப் பின்னின் நடுவிலும் முறுக்கியதை வெளிவிளிம்பிலும் பற்றவைத்தாள். வேலை முடிந்த பிறகுதான், முன்பே வயரில் கோத்திருக்க வேண்டிய பின்னின் மூடி வெளியே கிடப்பதைச் சித்தி பார்த்தாள்.

"அக்கா, மூடியப் போடாமயே வச்சிட்டோம்! சூப்பர்வைசர் பாத்தா நம்ம ரெண்டு பேரையும் ரிஜெக்ட்டு பெட்டில போட்ருவான்."

அம்மா சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை, தரையில் கையூன்றிக்கொண்டு சிரித்தாள். நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. மறுமுனையை நான் பற்றவைக்கிறேன் என்று ராடை எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து அதைப் பறித்துவிட்டாள்.

"வுடுக்கா, புள்ள ஆசப்படுது" என்றாள் சித்தி.

"நீ கம்முனு இரு விமலா. இவ இதத் தொடவே கூடாது. போடி, போய் படி."

சித்தியைத் தொடவிட்டு என்னைத் தொடவிடவில்லை. எனக்கு அது மட்டும்தான் புரிந்தது. புது வயரைச் சொருகி ஒலியைக் கூட்டியதும் இரைச்சல் துளியும் இல்லாமல், மேளம் தனியாகவும் குரல் தனியாகவும் தெளிந்து வந்தன. சித்தப்பா கைதட்டினார், சித்தி அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். நான் கொல்லைப்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். யாரும் தேடி வரவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டுப் பெட்டி கரகரத்தாலும் இவர்கள்தான் வயர் கட்டித் தந்தார்கள். விடுமுறை நாட்களெல்லாம் 'லைன்' கதைகளும் சிரிப்புமாகப் போயின. சித்தி ஊரைவிட்டே போய்விட வேண்டுமென்று தினமும் சாமியிடம் கேட்டேன். சித்தப்பாவுக்கு வேலை மாறி, சித்தியும் கம்பெனி வேலையை விட்டு, ஸ்ரீபெரும்புதூரில் தனிக்குடித்தனம் என்று முடிவானபோது சாமி கேட்டுவிட்டதென்றே நம்பினேன். சாமான்களை 'குட்டியானை' வண்டியில் ஏற்றும்போது அம்மாவே வயர்களைக் கழற்றி, மடிப்பு விழாமல் சுருட்டிச் சித்தியின் கையில் கொடுத்தாள். இனி அம்மா எனக்கு மட்டும்தான் என்று காத்திருந்தேன். மறுநாள் வேலை முடிந்து வந்தவள், சோறு போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்று, அம்மாவின் தொழிற்சாலை இருக்கும் அதே சாலையில், குளிரூட்டிய அலுவலகம் ஒன்றில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். தான் நாளெல்லாம் முகர்ந்த புகை எனக்கு வேண்டாமென்றுதான் அன்று அம்மா ராடைப் பறித்தாள் என்பது இப்போது புரிகிறது. அவள் நின்ற 'லைன்' மூடப்பட்டு, அந்தக் கூடம் கிடங்காகிவிட்டது. தெருவில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிற வீடே இல்லை. எங்கள் வீட்டில் பாடுவதும் டம்ளர் அளவு ஸ்பீக்கர்தான். அதற்கு வயரே கிடையாது. வயர் கட்டிய நாட்களைப் பற்றி நான் எதையாவது கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று அம்மா எழுந்துபோய்விடுவாள்.

சித்தி போன் செய்தால் மட்டும் அம்மா வாசலுக்குப் போய்விடுகிறாள். சற்று நேரத்தில் அங்கிருந்து அந்தச் சிரிப்பு கேட்கிறது. எல்லாம் புரிந்த பிறகும் எனக்கு வயிறு எரிகிறது. ஸ்பீக்கரில் ஓடும் பாட்டை நிறுத்திவிட்டு, அவள் சிரித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.