வேறொருத்தியின் அளவு

தெருவில் அவளுக்கு ஆல்ட்டர் அம்மா என்று பெயர். புதுத்துணியைக் கொண்டுவந்து வெட்டித் தைக்கச் சொன்னால், "அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இடுப்பைப் பிடிக்க, கையைக் குறைக்க, அண்ணன் கோட்டைத் தம்பிக்கு ஆக்க என்றால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தோளில் தொங்கும் அளவுநாடா குளிக்கும்போது மட்டும்தான் இறங்கும்.

அந்த வருடம் புதன்கிழமை மதியங்களில் அவள் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் வீட்டுக்குப் போய்வந்தாள். அந்த அம்மாவை உடம்புக்குள் ஏதோ தின்றுகொண்டிருந்தது. வாரத்துக்கு வாரம் ஆள் கரைந்தார். போன வாரம் பிடித்த சட்டை இந்த வாரம் மறுபடி தொளதொளவென்று நிற்கும்.

"இப்படியே போனா கடைசியில என்னை ஒரு கைக்குட்டையில சுத்திடுவ" என்பார் நூலகர்.

"வாயில ஊசி வச்சிருக்கேன், சிரிக்க வைக்காதீங்கம்மா."

கூடத்துச் சுவரில் ஒரு பழைய ஐரோப்பியப் படம் மாட்டியிருந்தது. செப்புத்தகட்டில் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த அச்சு. ஜன்னலோரம் ஒரு பெண், தரையைத் தொடும் கவுன், கழுத்தைச் சுற்றி லேஸ், முகம் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நூலகர் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருந்தார். கூடவே அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் கண்ணுக்கு மெல்லிய கோடுகள் எல்லாம் ஒரே புகையாகத்தான் தெரிந்தன.

"யாருக்கோ காத்திருக்கிற பணக்காரப் பொண்ணுன்னு எங்க அப்பா சொல்லுவார். நீ கொஞ்சம் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்து என்ன தெரியுதுன்னு சொல்லு."

"எனக்குப் படம் பார்க்கத் தெரியாதும்மா."

"துணி பார்க்கத் தெரியுமில்ல? ஊசியால கீறினதுதான் அது. உன் சாமான்தான்."

அவள் படத்தை இறக்கி மேசைமேல் வைத்துக் குனிந்தாள். முதலில் மடிப்புகளை மட்டும்தான் பார்த்தாள். பிறகு தோளுக்கு வந்தாள். தோள்தையல் தோளில் இல்லை, மேல்கையில் இறங்கிக் கிடந்தது. கைநுனி விரல் முட்டிவரை வந்து, உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது. முதுகில் கயிற்றை இழுத்துக் கட்டியதில் இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. இடுப்பருகே வரிசையாகச் சின்னப் புள்ளிகள். அது என்ன என்று அவளுக்குத்தான் தெரியும். பிரித்த தையலின் ஊசித்துளைகள்.

"இது இவளோட கவுன் இல்லம்மா" என்றாள். "இவளைவிட உயரமா, நெஞ்சு அகலமா ஒருத்திக்குத் தைச்சது. பிடிச்சிருக்காங்க, ஆனா அவசரத்துல பிடிச்சிருக்காங்க."

"யார்கிட்டயாவது இரவல் வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பாளோ?"

"இரவல்னா தையலைப் பிரிக்க மாட்டாங்க. திருப்பிக் கேக்க ஆள் இல்லாதப்பதான் பிரிப்பாங்க."

அவள் பூதக்கண்ணாடியைப் படத்துப் பெண்ணின் முகத்துக்கு நகர்த்தினாள். அந்தப் பெண் ஜன்னலைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. பின்னால் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அசையாமல் நின்றாக வேண்டும் என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்தாள். ஆல்ட்டர் அம்மாவுக்குத் தன் பின்கழுத்து சில்லிட்டது. திரும்பிப் பார்த்தாள். சாத்திய கதவுதான் இருந்தது.

அன்று பாதி வேலையில் எழுந்து வந்துவிட்டாள். தெருவில் நடக்கும்போது இரண்டு தடவை நின்று பின்னால் பார்த்தாள்.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். உயரமானவள், நெஞ்சு அகலமானவள். இரண்டு வயதுப் பெண்குழந்தையை விட்டுவிட்டு ஒன்பது நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். குழந்தையை யார் பார்ப்பது என்ற பேச்சு எழுந்து, ஒரு வருடத்துக்குள் தங்கையை அத்தானுக்கே கட்டிவைத்தார்கள். அவளுக்கு அப்போது இருபது வயது. கட்டிக்கொண்ட பிறகும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டாள். குழந்தைக்கும் கூப்பிடுவதில் பிரச்சினை இருக்கவில்லை. முன்னாலும் சித்தி, பின்னாலும் சித்தி.

அக்காவின் அலமாரியும் அவளுக்கே வந்தது. "மாப்பிள்ளைக்கு நீ அதைப் போட்டுக்கணும்னு ஆசை" என்று அம்மா சொன்னாள். அக்காவின் துணிகளைப் பிரித்துத் தன் அளவுக்குப் பிடித்துப் பிடித்துத்தான் அவள் இந்தத் தொழிலையே கற்றாள். எவ்வளவு பிடித்தாலும் தோள் இறங்கும். பத்து வருடம் அவற்றைப் போட்டாள். கடைசியாக மிஞ்சியது ஒரு பச்சைக் கவுன். பெட்டியின் அடியில் கிடந்தது.

அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் டார்ச் விளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் அத்தான். அக்கா துணியை நான் போட்டுக்கணும்னு உங்களுக்கு ஏன் அவ்வளவு ஆசை?"

அவர் கை நின்றது. "எனக்கா? நீதானே அதைப் போட்டுக்கணும்னு அழுதே."

"நான் எப்ப அழுதேன்?"

"உங்கம்மா சொன்னாங்க. அவளுக்கு அக்கா ஞாபகம், வேண்டாம்னு சொல்லிடாதீங்க மாப்பிள்ளைன்னாங்க." டார்ச்சின் மூடியை விரலால் உருட்டினார். "அந்தப் பச்சையில நீ கதவைத் திறந்துக்கிட்டு வர்றப்பெல்லாம் எனக்குக் குலை நடுங்கும். சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல."

கல்யாணமாகி முப்பத்தோரு வருடம்.

அம்மா செத்து ஏழு வருடம் ஆகிறது. கேட்க முடியாது. கேட்கத் தேவையும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அக்கா துணியைப் போட்ட அந்தப் பத்து வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வருவாள். "திரும்பி நில்லு, முதுகுல சரியா பிடிச்சிருக்கியான்னு பாக்கறேன்" என்பாள். அவள் திரும்பி நிற்பாள். நிமிடங்கள் போகும். அம்மா தையலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாள். "இப்படியே இரு, கொஞ்ச நேரம்" என்பாள், அவ்வளவுதான். முகம் தெரியாத பக்கத்திலிருந்து பார்த்தால் அம்மாவுக்கு அங்கே நிற்பது செத்துப்போன பெரியவள்.

அவள் பெட்டியிலிருந்து பச்சைக் கவுனை எடுத்தாள். தன் தையலையெல்லாம் நான்கு நாள் பிரித்தாள். தோளை விட்டாள், கையை இறக்கினாள், பக்கத்து மடிப்பை அக்காவின் அளவுக்குத் திறந்தாள். துளைகள் மறையவில்லை. நீரைத் தெளித்து இஸ்திரி போட்டபோது இரண்டு பொம்பளைகளின் வியர்வை வாடையும் சேர்ந்து எழுந்ததுபோல் இருந்தது. கதவில் மாட்டினாள். காற்றே இல்லாத அறையில் அது லேசாகத் திரும்பி நின்றது. அத்தான் அந்த வழியாகப் போகும்போது சுவரோரமாக ஒதுங்கிப் போனார். அவள் அதைக் கேலி செய்யவில்லை. அவளும் அப்படித்தான் போனாள்.

அடுத்த புதன்கிழமை நூலகர் தான் எழுதிய குறிப்பைப் படித்துக் காட்டினார். "இறந்துபோன ஒருத்தியின் ஆடையில் நிற்கும் பெண், யாரென்று தெரியவில்லை" என்று முடிந்திருந்தது. "சரியா?" என்று கேட்டார்.

"சரிதாம்மா. நிக்க வச்சவங்க யாருன்னும் தெரியலைன்னு போடுங்க."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மாத முடிவில் அக்கா விட்டுப்போன மகள் வந்தாள். வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள், முப்பத்துமூன்று வயது, நிலைப்படிக்குத் தலை குனிந்து வருகிற உயரம். கவுனைப் பார்த்தாள். தொட்டாள். போட்டுப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு, "அம்மா எப்படி நடப்பாங்க சித்தி?" என்றாள். "முகம் போட்டோவில இருக்கு. நடக்கிறது எதுலயும் இல்ல."

ஆல்ட்டர் அம்மா எழுந்தாள். அளவுநாடாவைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கூடத்தின் ஒரு முனைக்குப் போய் முதுகை நிமிர்த்தி, தனக்கு வழக்கமில்லாத நீளநீளமான எட்டுகள் வைத்து, இடதுகையை மட்டும் வீசி நடந்தாள். சமையலறை வாசலில் அத்தான் வந்து நின்றதை அவள் பார்த்தாள். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை" என்றாள் மகள்.

அவள் திரும்பி, மறுபடி நடந்தாள்.