என் நாடகத்தை நான் பார்த்த நாள்

நான்கு வருடங்களுக்கு முன், கோடை விடுமுறையில் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் தெருவை ஒட்டிய குடியிருப்பில் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு நாடகம் போட்டோம். எட்டாவதோடு பெண்ணின் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசும் குடும்பத்தின் கதை. எழுதியது நான். நடிக்கச் சொல்லிக்கொடுப்பது, புடவை, நகை, மைக், மறந்தால் வசனம் எடுத்துக்கொடுப்பது எல்லாமே நான்தான். மற்றவர்களிடம் விட்டால் சரியாக வராது என்று ஒரு நினைப்பு.

முதல் முறை மணலூர்பேட்டையில் போட்டபோது மானம் போயிற்று. அம்மாவாக நடித்தவருக்கு நான் புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மேடையில் மகளாக நடித்த பெண் வசனம் மறந்து நின்றுவிட்டாள். எடுத்துக்கொடுக்க ஓடினால், நோட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கூட்டம் சிரித்தது. திரும்பி வரும்போது வேனில் அந்தப் பெண் இனிமேல் வரமாட்டேன் என்று அழுதாள். நானும் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் எங்கள் குழுப் பெண்களில் ஒருவர் என் வீடு தேடி வந்தார். என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடமே போகாதவர். கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி. நாடகத்தில் தாம்பூலத் தட்டோடு வந்து போகும் வேஷம்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன். ஒரு வார்த்தை பேச்சில்லை.

"எல்லாத்தையும் நீங்களே தூக்கிக்கினு நின்னா, நாங்க இன்னாத்துக்கு டீச்சர் வர்றோம்?" என்றார். குரலில் கோபம் இல்லை. "வெட்டுறவளே கட்டவும் போனா லோடு ஏறாதுங்க. அடுத்து மலையில நாடகம் போடப் போறோம்ல, அதை எங்க கையில விடுங்க."

கௌரவம் தடுத்தது. ஆனாலும் வேறு வழியில்லாமல் தலையாட்டினேன்.

குழாயடியில் யாரையும் சும்மா விடாத ஒரு பெண்ணிடம் மேஸ்திரி மைக் பொறுப்பைக் கொடுத்தார். ஒத்திகைக்குத் தினமும் கடைசியாக வருகிறவருக்கு, வீடு வீடாகப் போய் எல்லாரையும் வேனில் ஏற்றும் வேலை. மலைக்குக் கிளம்பிய அன்றைக்கு அவர்தான் முதலில் தயாராக நின்றார். வாயே திறக்காத ஒரு பெண், பார்த்துப் பார்த்தே அத்தனை பேர் வசனத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது. திரைக்குப் பின்னால் இந்த அக்கா நிற்பாள் என்று சொல்லித்தான், வரமாட்டேன் என்றவளையும் சம்மதிக்க வைத்தார்.

எனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"கீழ சனங்களோட உக்காந்து பாருங்க. எழுதினவங்க இன்னும் பாக்கவே இல்லியே."

கல்வராயன் மலையில் ஒரு பள்ளி மைதானம். சாயங்காலம் நான்கு மணிக்கு நாடகம் தொடங்கியது. பாதியில் மைக் நின்றுபோனது. நான் பதறி எழுந்தேன். மேஸ்திரி மேடை ஓரத்திலிருந்து உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அதற்குள் குழாயடிப் பெண் மைக் செட்டுக்காரரிடம் போயிருந்தார். மேடையில் இருந்தவர்கள் தாங்களாகவே இரண்டடி முன்னால் வந்து, குரலை உயர்த்திப் பேசினார்கள். மகள் ஓரிடத்தில் திணறியதும் பின்னாலிருந்து சொல் வந்தது. கூட்டத்துக்குத் தெரியவே இல்லை. "நான் படிக்கிறேம்மா" என்று அவள் கெஞ்சியபோது, என் பக்கத்தில் இருந்த அந்த ஊர்ப் பெண் தன் மகளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். நான் எழுதிய வசனம்தான். ஆனால் அன்றுதான் அதை முதன்முதலாகக் கேட்டதுபோல இருந்தது. கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பத்து வருடமாக வகுப்பறையில் நிற்கிறேன், பட்டம் இரண்டு வைத்திருக்கிறேன். ஆனால் மனிதர்களைப் பார்த்து அறிவதும் ஒரு படிப்பு என்றால், அதில் அந்த மேஸ்திரி இருக்கும் வகுப்புக்கு நான் இன்னும் போய்ச் சேரவில்லை.