கங்காதரனும் கூழாங்கற்களும்

வீட்டு முற்றத்திலும் தோட்டத்திலும் அழகுக்காக நீரூற்று அமைத்துத் தருவோர் அடையாறு, மயிலாப்பூர்ப் பகுதிகளில் பலர் உண்டு. தொட்டியை வைத்து, மோட்டாரைப் பொருத்தி, வண்ண விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். கங்காதரனின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். தண்ணீர் விழும் இடத்தில் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக அடுக்குவார். படுக்கையறைக்குள் சென்று, கதவைச் சாத்திக்கொண்டு அதன் ஓசையைக் கேட்பார். திரும்பி வந்து ஒரு கல்லை அரை விரற்கடை நகர்த்துவார். மந்தைவெளியில் என் வீட்டு முன்புறத்தில் அவர் அமைத்த சிறிய ஊற்றுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் செலவாயிற்று.

"தண்ணி சத்தம் காதுல அடிக்கக் கூடாது சார். பக்கத்துல யாரோ மெதுவா பேசிக்கினு கீறா மாரி இருக்கணும்" என்றார். அப்படியேதான் அமைந்தது.

இளமையில் அவர் கோடம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளங்களில் செயற்கை மழை பெய்விக்கும் குழுவில் இருந்தார். இரைச்சல் மிகுந்த ஜெனரேட்டருக்கு அருகில் பதினெட்டு ஆண்டுகள் நின்றவர். அந்த வேலை குறைந்தபின் வீட்டு ஊற்றுகளுக்கு வந்தார். ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து நகரின் எல்லைக்கு அப்பால் மாற்றப்பட்ட பிறகும், இரண்டு பேருந்து மாறி நாள்தோறும் வந்துகொண்டிருந்தார்.

சென்ற ஆடி மாதம் என் ஊற்றைச் சுத்தம் செய்து கற்களைத் திரும்ப அடுக்கினார். ஓசை கரடுமுரடாக இருந்தது. பின்னால் நின்று இருமுறை பெயர் சொல்லி அழைத்தேன், அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே, தம் காது மந்தமானது எனக்குத் தெரிந்துவிட்டது என்பதைப் புரிந்துகொண்டார்.

"யாராண்டையும் சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா ஒர்த்தரும் கூப்ட மாட்டாங்க. எனக்கு இத்த உட்டா வேற ஒண்ணும் தெரியாது."

காது மருத்துவரிடம் நானே அழைத்துச் சென்றேன். நரம்பு பழுதாகிவிட்டது, மீளாது என்றார் அவர். கருவி பொருத்தினால் பேச்சு கேட்கும் என்றார். கருவி பொருத்திய மறுநாள் கங்காதரன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கண்டக்டர் திட்றதெல்லாம் தெளிவா கேக்குது சார். இத்தினி நாளு நிம்மதியா இருந்துக்கினேன்!"

வந்த வேகத்தில் என் ஊற்றின் முன் அமர்ந்தார். ஒரு கல்லை எடுத்தார், வைத்தார். எல்லாக் கற்களையும் எடுத்தார். சிரிப்பு நின்றது.

"எப்டி வெச்சாலும் ஒரே மாரி கீது சார். எண்ணெயில அப்பளம் போட்டா மாரி."

பேச்சுக்கென்று செய்யப்பட்ட அந்தக் கருவி, நீரோசையை வெற்று இரைச்சலாகக் கொண்டு அமுக்கிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். அளவுகளை இருமுறை மாற்றிப் பார்த்தார். மூன்று மாதம் பழகியும் பயன் இல்லை. இதற்கிடையே அசோக் நகரிலும் தி.நகரிலும் வழக்கமாக அழைத்தவர்கள் ஒவ்வொருவராக அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். எஞ்சியது அடையாற்றில் பரத்வாஜ் என்பவரின் தோட்டத்து ஊற்று ஒன்றுதான். ஓசை சரியில்லை, ஒருமுறை வந்து திருத்துங்கள் என்று அவர் அழைத்திருந்தார்.

ஓசையைக் கேட்டுச் சொல்வதற்காகத் தம் மனைவி முத்தம்மாவை அழைத்து வந்தார் கங்காதரன். என்னையும் வரச் சொன்னார். கற்களை அடுக்கிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"நல்லாத்தான்யா கீது."

"எப்டி நல்லா கீது? தண்ணி உடைஞ்சி உழுதா, வழிஞ்சி உழுதா?"

"தண்ணி தண்ணி மாரிதான் உழுது. எல்லாருக்கும் குடுத்த காதுதான்யா எனக்கும் குடுத்துகீறாரு சாமி. நான் இன்னாத்த சொல்றது?"

அவர் என் பக்கம் திரும்பினார். மூன்றாண்டுகளாக நாள்தோறும் அவர் அமைத்த ஓசையைக் கேட்டு வந்தவன் நான். ஆயினும் கூடுதல், குறைவு என்பதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. இடப்புறம் சற்றுக் கரகரப்பாக இருக்கிறது என்றேன். அவர் அங்கே ஒரு கல்லைத் திருப்பினார். முன்னைவிட மோசமாயிற்று. எப்படி மோசமாயிற்று என்பதையும் என்னால் சொல்ல முடியவில்லை. இவ்வாறு இரண்டு மணி நேரம் கழிந்தது.

பரத்வாஜ் வந்து பிரம்பு நாற்காலியில் அமர்ந்தார். கண்களை மூடிச் சிறிது நேரம் கேட்டார். எழுந்து உள்ளே போனார். கூடத்தில் தம் மனைவியிடம் தணிந்த குரலில் அவர் பேசியது சன்னல் வழியே வந்தது.

"பக்கெட்டுல தண்ணி பிடிக்கற மாதிரின்னா இருக்கு! ஆத்துல ஒருத்தராலயும் தூங்க முடியலை. இவரால இனிமே ஆகாது. நாளைக்கு ஊத்து வைக்கற கடைக்காராளை வரச் சொல்லிடறேன். பாவம், அவர்கிட்ட நீ ஒண்ணும் சொல்லிண்டு நிக்காதே."

தண்ணீருக்குள் இருந்த கங்காதரனின் கை அசையாமல் நின்றது. கருவி தன் வேலையைக் குறைவின்றிச் செய்திருந்தது.

அவருக்கும் அது கேட்டுவிட்டது என்பதை முத்தம்மா அறியவில்லை. பல மாதப் பழக்கத்தில், அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னாள்: "சாருக்கு ரொம்பப் புட்ச்சிட்ச்சாம்யா. இப்டியே உட்டுடச் சொல்றாரு."

கங்காதரன் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார்.

"அப்டியா? சரி, உட்டுடலாம்."

எஞ்சிய கூழாங்கற்களை ஈரத்தோடு பைக்குள் போட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் அருகே போனேன். அதற்குள் அவர் கருவியைக் காதிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.