மொய் செலவில் வராது

ஆரப்பாளையத்தில் ஆடிட்டர் அலுவலக மாடிப்படியை ஏறும்போது என் கையில் ஜவுளிக்கடைப் பை நிறைய பில்கள் இருந்தன. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஏறினேன். பசுமலையில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. முதலாளி, வேலையாள், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் நானே. கல்யாணம்தான் பிழைப்பு. கேமராவோ பாதி நேரம் உழைக்கும், மீதி நேரம் உறங்கும். ஒரு கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் உறங்கிவிட்டது. புதுக் கேமராவுக்குச் சேர்த்த பணத்தை வரி கொண்டுபோய்விடக் கூடாது; அதற்குத்தான் அந்தப் பை.

ஆடிட்டர் மேடம் என்னைவிட மூத்தவர். பையைக் கவிழ்த்தார். ஹோட்டல் பில், என் பட்டு வேட்டி பில், வீட்டுக் கிரைண்டர் பில் எல்லாம் விழுந்தன.

"தொழிலுக்காகச் செஞ்ச செலவத்தான் வருமானத்துல கழிக்க முடியும் தம்பி. கிரைண்டர்ல எந்தக் கல்யாணத்த அரைச்சீங்க? சரி, கேமரா, லைட்டு, ஆல்பம் போட்டது, அதுக்கெல்லாம் பில்லு எங்க?"

அதுதான் இல்லை. பில் வேண்டாம் என்றால் கடைக்காரர் கொஞ்சம் குறைப்பார். அந்தக் கொஞ்சத்துக்காக வருஷக்கணக்கில் வேண்டாம் என்று சொல்லி, கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டவன் நான். கழிக்க முடிந்ததற்கெல்லாம் பில் இல்லை. கழிக்க முடியாததற்கெல்லாம் பில் இருந்தது.

விட்டேனா? கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். நான் படம் எடுக்கும் கல்யாணத்தில் எல்லாம் ஸ்டுடியோ பெயரில் மொய் எழுதுவேன். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் வாசிப்பார்கள். அடுத்த ஆர்டர் பந்தியிலேயே கிடைக்கும்.

"மேடம், மொய் விளம்பரச் செலவுல வரும்ல?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அது ஒங்களுக்குத் திரும்பி வருமா, வராதா?"

"வராம? அடுத்த மாசம் திருப்பரங்குன்றத்துல மகளுக்குக் காதுகுத்து. அம்புட்டுப் பேரும் வருவாக."

"அப்ப அது செலவே இல்ல தம்பி, செய்முறை. இன்னிக்கு நீங்க செய்வீங்க, நாளைக்கு அவுங்க திருப்பிச் செய்வாங்க. விளம்பரம்னு எழுதுனா, காதுகுத்துல வர்ற மொய்ய என்னன்னு எழுதுறது? வியாபார வருமானம்னு எழுதி அதுக்கும் வரி கட்டுவீங்களா?"

வரியைக் கட்டினேன். கேமராப் பணம் போயே போய்விட்டது.

காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்தவர், தாலி கட்டும் படம் தவறிப்போன பெண்ணின் அப்பா. முகம் காட்டக் கூசி நான் பந்திப் பக்கம் நழுவினேன். பிடித்துவிட்டார்.

"மாப்ள, எங்க ஓடுற? தாலி கட்டுனதுதான் வீடியோவுல இருக்கே, விடு. எங்க வீட்டு விசேசத்துக்கு மொத மொய் நீ எழுதுனது. அத மறப்பமா?"

நான் செய்ததைவிடக் கூடுதலாகவே செய்திருந்தார். இந்த மனுசரையா விளம்பரச் செலவில் எழுதப் பார்த்தேன் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. காது வலித்து அழுத மகளைத் தூக்கி, அவளுக்குத் துடைக்கிற சாக்கில் நானும் துடைத்துக்கொண்டேன்.

காதுகுத்தில் சேர்ந்த மொய்ப் பணத்தில்தான் கேமரா வாங்கப் போனேன். கடைக்காரர் வழக்கம்போல, "பில்லு வேணாம்லண்ணே?" என்றார்.

பில் போட்டால் விலை கொஞ்சம் ஏறும். ஆனாலும் சொல்லிவிட்டேன்: "போடுங்க தம்பி. இனிமே பில்லு இல்லாமச் செய்யிறது மொய் மட்டுந்தான்."