மாடுகள் அசைபோடும் நேரத்தில்

ஹெல்யா வைசானெனுக்கு முப்பத்தொன்பது வயதில் வேலை போனது. பதினான்கு வருஷம் ஓலு நகரத்து செல்போன் தொழிற்சாலையில் சில்லுகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவள். ஆலையை மூடியதும் மாலைக் கல்லூரியில் போய் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். இப்போது ஐம்பத்திரண்டு. பால் கறக்கும் ரோபோவுக்கு மூளை செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில், இயங்குதளத்தின் அடிமட்டமான கர்னலைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

மார்ச் மாதம் புதாஸ்யார்வி ஊரிலிருந்து ஆய்லி என்ற பண்ணைக்காரி போன் செய்தாள்.

"ஏம்மா, உங்க மெஷின் இன்னிக்கும் செத்துப்போச்சு. பசு உள்ள நிக்குது, கதவு தொறக்க மாட்டேங்குது. இந்த வாரத்துல நாலாவது தடவை. பழைய மெஷினையே வச்சிருப்பேன், உங்க பேச்சக் கேட்டேன் பாரு!"

அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹெல்யா அலுவலகத்தில் அதேமாதிரி மின்சுற்றுப் பலகையை வைத்து, உள்ளே நடப்பதைக் காட்டும் சோதனைக் கம்பியை மாட்டி, மூன்று நாள் ஓட்டினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"அந்தம்மா சும்மா மிரட்டுறாங்க போல," என்றான் பக்கத்து மேசை ஒஸ்ஸி, வாயில் ஏலக்காய் ரொட்டியோடு. "இல்லன்னா மாட்டுக்கு உன்னைப் பிடிக்கல."

"வாய மூடிட்டுத் தின்னு. இது நம்மகிட்ட ஏன் நிக்க மாட்டேங்குது, அதச் சொல்லு."

சொல்லிமுடித்த கணமே அவளுக்குப் பொறிதட்டியது. சோதனைக் கம்பி மாட்டியிருக்கும்வரை பலகையின் செயலி, அதாவது கணக்குப் போடும் மூளைச் சில்லு, தூங்கவே தூங்காது. வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சம்பிடிக்க ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதுதான் அதன் வழக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழும்போதுதான் ஏதோ நடக்கிறது!

"ஒஸ்ஸி, நான் பாக்கணும்னு கம்பிய மாட்டியிருக்கேன். கம்பி இருக்கறவரைக்கும் அது தூங்காம முழிச்சிட்டே இருக்கு!"

கம்பி இல்லாமல் எப்படிப் பார்ப்பது? பற்றவைக்கும் கோலை எடுத்தாள். பழைய கை மறக்கவில்லை. பலகையில் இரண்டு குட்டி விளக்குகளைப் பற்றவைத்தாள். எழுந்திருக்கும்போது செயலி நிரலில் ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைச் சரிசெய்யும். அதே கடிகாரத்தை வேறு எதுவும் அந்நேரம் தொடாமலிருக்கத்தான் அந்தப் பூட்டு. பூட்டும்போது சிவப்பு எரியவேண்டும், திறந்ததும் சிவப்பு அணைந்து பச்சை எரியவேண்டும் என்று நிரலில் எழுதினாள். விளக்கைப் போட்டு அணைப்பதால் செயலியின் தூக்கம் கெடாது.

மறுநாள் பனி விலக்கிய சாலையில் எண்பது கிலோமீட்டர் போய், அந்தப் பலகையை ஆய்லியின் ரோபோவில் மாட்டினாள். நடுப்பகல். தொழுவத்தில் மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ரோபோவுக்கு வேலையே இல்லை. ஆய்லி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னதான் பாக்கற அந்த விளக்குல?"

"செத்தா எதுல சாகுதுன்னு."

நாற்பது நிமிஷம் போயிற்று. ஒரு கறுப்புப் பசு எழுந்து, சோம்பலாக நடந்து, வாயிலில் தலையை நீட்டியது. சிவப்பு எரிந்தது. எரிந்தது எரிந்தபடியே நின்றது. பச்சை வரவேயில்லை.

"பிடிச்சிட்டேன்!" ஹெல்யா போட்ட கூச்சலில் நாலு மாடுகள் எழுந்து நின்றன.

"பிடிச்சிட்டியா? மெஷின் நிக்குதேம்மா!"

"நிக்கணும் ஆய்லி, நிக்கணும்! பூட்டப் போட்டுட்டு மாட்டிக்கிச்சு!"

தூங்கும் செயலியை எழுப்ப அதன் நேரக் கடிகாரம் மணி அடிக்கும். எழுந்தவுடன் அது பூட்டைப் போடுகிறது. அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் பசு வாயிலைத் தொட்டால் வாயிலின் சிக்னலும் குறுக்கே வருகிறது. அந்த சிக்னலைக் கவனிக்கும் வேலைக்கும் அதே பூட்டு வேண்டும். பூட்டு யார் கையில்? தன் கையிலேயே. செயலி தனக்காகத் தானே காத்துக்கொண்டு நின்றுவிடுகிறது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் பொய்ப் பசு செய்தாள்: மணி அடிக்கும் அதே நொடியில் வாயிலின் சிக்னலை அனுப்பும் ஒரு குட்டி மின்சுற்று. மூன்றே நிமிஷத்தில் பலகை நின்றது. ஒஸ்ஸி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடிவந்தான்.

"இன்னொரு தடவ நிறுத்து!"

நிறுத்தினாள். ஐந்து தடவை நிறுத்தினார்கள். கர்னலில் வெளிச் சிக்னல்களை அனுமதிக்கும் ஒரு வரி, பூட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே இருந்தது. ஹெல்யா அதைப் பின்னால் நகர்த்தினாள். பொய்ப் பசு இரண்டு லட்சம் தடவை தட்டியும் பலகை அசரவில்லை.

அந்தக் கர்னல் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது; திருத்தத்தை அவர்களின் மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினாள். உலகம் முழுக்கப் படிப்பார்கள். திருத்தத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் பராமரிப்பாளர் டென்மார்க்கின் கோர்ம் ஸ்கவ்போ. காரமான பேர்வழி என்று பேர்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஒஸ்ஸி அவள் தோளுக்குமேல் எட்டி உரக்கப் படித்தான்.

"'ஆறு வருஷம் முன்னாடி அந்த வரிய அங்க போட்டவன் நான்தான். வெக்கமா இருக்கு. ரெண்டு விளக்க வச்சு பிடிச்சிருக்கீங்க, பிரமாதம். உங்க திருத்தத்த சேத்துட்டேன். இதையே பாத்து இன்னும் ரெண்டு செயலிக்கு எழுதியிருக்காங்க. அதையும் பாக்கறீங்களா?'"

ஒஸ்ஸி அவள் முதுகில் ஓங்கித் தட்டினான். "ஹெல்யா! அந்த ஆளு மன்னிப்புக் கேட்டு நான் பாத்ததேயில்ல!"

"கேட்டாரா?" என்றவள் திரும்பவில்லை. முதல் செயலியின் கோப்பு ஏற்கெனவே திறந்திருந்தது. "இங்க பாரு, நாப்பத்திமூணாவது வரி. அதே தப்பு இதுலயும் இருக்குடா!"