நான் சுத்தம் செய்த நெகட்டிவ்

வானத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமுமில்லை. தெரியாததில் இவள் ஏன் தலையிடுகிறாள் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை யாரிடமும் சொல்லாமலே போய்விடுவேனோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் எதிர் வீட்டு மாடியில் இருக்கும் வங்கிக்காரர் ஒரு தொலைநோக்கி வாங்கி, அதில் கேமராவைப் பொருத்தி வைத்திருந்தார். நட்சத்திரம் நகர நகர அது தானாகவே திரும்பிக்கொள்கிறது. பார்க்கக் கூப்பிட்டார் என்று நான் மேலே போனபோது அவர் நாற்காலியில் சாய்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். மடிக்கணினியில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டி, "யக்கா, இதுதான் குவாசர். நட்சத்திரம் மாதிரி தெரியும், ஆனா அதையெல்லாம் தாண்டி ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கு" என்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா தென்காசியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் கேமராவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போவார். ஈரத்தலையும் துண்டுமாக வருகிற குடும்பங்களை அருவிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார். அவர்கள் லாட்ஜைக் காலி செய்வதற்குள் கழுவிப் பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

அந்தப் படங்களில் ஒரு தொல்லை உண்டு. அருவிச் சாரல் கேமராவுக்கு முன்னால் பறந்துகொண்டே இருக்கும். பிளாஷ் வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு துளியும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்துவிடும். புது மாப்பிள்ளையின் முகம் அம்மை போட்டதுபோல இருக்கும். நெகட்டிவில் வெளுப்பும் கறுப்பும் மாறி இருப்பதால் அங்கே அவை கறுப்புப் புள்ளிகள். பிளேடைப் பாதியாக ஒடித்து, அதன் நுனியால் புள்ளியை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டால் பிரதியில் முகம் துடைத்ததுபோல வரும். டச்சிங் என்று சொல்லுவோம்; வீட்டுப் பேச்சில் சுத்தம் பண்ணுவது. அம்மா அதில் கெட்டிக்காரி. ஒன்பது வயதில் எனக்கும் அது கைவந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை முன்னால் உட்கார்ந்து, அம்மாவுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுப்பேன். "எம் பொண்ணு கைபட்டா பொரிகூட நவ்வாப்பழம் மாதிரி வழவழன்னு ஆயிரும்" என்று அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். எனக்கு வேறு எதிலும் பெயர் கிடைத்ததில்லை. அதனால் அந்தப் பெயரைக் காப்பாற்ற ரொம்பவும் பாடுபட்டேன்.

சீசன் முடிந்து, தை பிறந்து வானம் தெளிந்துவிட்டால் மாமா வேறு ஆளாகிவிடுவார். தடித்த கண்ணாடி வட்டு ஒன்றை மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் குழியாக்கி, அவரே ஒரு தொலைநோக்கி செய்திருந்தார். அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சுந்தரபாண்டியபுரத்துக்கு அப்பால், விளக்கே இல்லாத வயற்காட்டுக்குப் போவார். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கும். கேமராவை அதில் பொருத்தித் திறந்துவிட்டு, சிலந்தி நூலை ஒட்டிச் செய்த குறுக்குக் கோட்டில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்து, அது விலக விலகக் கையால் திருகைத் திருப்பிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். கொசுவை அடித்தால்கூடப் புள்ளியெல்லாம் கோடாகிவிடும். மூன்று வருஷமாக மாமா கொண்டுவந்ததெல்லாம் கோடுகள்தான்.

அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏலே மாப்ளே, ஆளே இல்லாத போட்டோவ எவம்லே வாங்குவான்? அந்த நட்சத்திரம் வந்து ரெண்டு காப்பி கூடப் போடச் சொல்லுமா?"

"சொல்லாது அத்தான். கண்ண மூடிட்டேன், திரும்ப எடுன்னு சண்டைக்கும் வராதுல்லா."

ஒருநாள் மாமா என்னிடம் கேட்டார்: "ஏட்டி மருமவளே, நான் எடுக்கப்போறது எவ்ளோ தொலைவுல இருக்கு சொல்லு பாப்பம்?"

"மதுரையா?"

"அதுக்கு அங்கிட்டு. அங்கன இருந்து கிளம்புன வெளிச்சம் இங்கன வந்து சேர இருநூறு கோடி வருஷத்துக்கு மேல ஆவும். நீயும் நானும் இந்தக் குத்தாலம் மலையும் ஒண்ணுமே இல்லாதப்போ கிளம்புனது."

"வந்து என்ன செய்யும்?"

"வந்து நம்ம பிலிம்ல விழணும். அதுக்குத்தான் காத்துக் கிடக்கேன்."

அவ்வளவு தூரம் வருவது என்றால் அது கோபுரம் அளவுக்காவது இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு குவாசர்தான், பார்ப்பதற்கு மற்ற நட்சத்திரம் போலவே ஒரு சின்னப் புள்ளிதான் என்று மாமா சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

நாலாம் வருஷம் பங்குனியில் அது பிலிமில் விழுந்துவிட்டது. மாமா இருட்டறையை விட்டு வெளியே வந்து அழுததாக அம்மா சொன்னாள். மலைமேல் இருக்கும் ஒரு வானாய்வு நிலையத்தில் படம் கழுவ ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு பிரதியை மனுவோடு அனுப்பினார். அதை எனக்கு யாரும் காட்டவில்லை. எட்டாவது வரை படித்தவருக்குப் பதில் வராது என்று அப்பா சொன்னார். பதில் வந்தது. படம் நன்றாக இருப்பதாகவும், ஆனால் இப்படி ஒரு பிரதியை டச்சிங் செய்தும் உண்டாக்கலாம் என்பதால் அசல் நெகட்டிவோடு நேரில் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

மாமா சிரித்துவிட்டார். "நம்ம தொழிலே அதுதான்னு அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சுது அத்தான்?"

அப்பா கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். அதன் பிறகு கிண்டல் செய்யவில்லை. "அங்க உள்ள தொலைநோக்கி நம்ம வீட்டவிடப் பெருசாம்லா" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் அவரே பெருமையாகச் சொன்னதை நான் கேட்டேன்.

வைகாசி கடைசியில், கிளம்ப வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் பஸ். மாமா முடி வெட்டிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிவரப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, மாமா நெகட்டிவு மேசையில இருக்கு பாரு. சுத்தம் பண்ணிக் கவர்ல போட்டு வையி. கவனமாச் செய்யி, அவன் உசுரே அதுலதான் இருக்கு."

தூசி தட்டத்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு நான் அறிந்த வேலை ஒன்றுதான்.

நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் ஆளும் இல்லை, கோபுரமும் இல்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கறுப்புப் புள்ளிகள். இவ்வளவு சாரல் விழுந்த நெகட்டிவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பாவம் மாமா, வயற்காட்டிலும் மழை விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது, அம்மாவிடம் கொடுத்துச் சரிசெய்யக் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார் என்று நினைத்தேன். புதுப் பிளேடை எடுத்து ஒடித்தேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒரு வேலையும் செய்ததில்லை. எண்ணிக்கொண்டே சுரண்டினேன். முந்நூறுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. கழுத்து வலித்தது. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. இருநூறு கோடி வருஷம் நடந்து வந்தது அவற்றில் எத்தனாவது புள்ளி என்று எனக்குத் தெரியாது. மற்றவற்றைவிட அதை எடுப்பது கஷ்டமாக இருந்ததாக நினைவில்லை.

ஓரத்தில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. ஈர விரல் பட்டதுபோல நீளவாக்கில் ஒரு மங்கல். அது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு கேலக்ஸி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பிளேடால் எடுத்தால் கீறல் விழுந்துவிடும் என்று பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

மாமா வந்தார். பிடரியில் முடித்தூள் ஒட்டியிருந்தது. நான் நெகட்டிவை இரண்டு கையாலும் நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். மறுபடியும் திருப்பினார். அப்புறம் மேசையைப் பார்த்தார். பிளேடு நுனியிலும் கண்ணாடியிலும் கறுப்பாகத் தூள் கிடந்தது. அதை ஒரு விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டியாட்டி?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் மாமா. அந்த ஒரு கறை மட்டும் போகல."

"அது கிடக்கட்டும்."

கரண்டியோடு வந்த அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். "ஐயோ, ஏட்டி..." என்று கையை ஓங்கினாள். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவள ஏன்க்கா அடிக்க? நல்லாச் சுத்தமாத்தான் செஞ்சிருக்கா. ஒரு கீறல் இல்ல பாரு."

அப்பா கடையிலிருந்து வந்தார். நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "போயி விஷயத்தச் சொல்லுலே மாப்ளே. சின்னப்பிள்ள செஞ்சுட்டுன்னு சொல்லு" என்றார்.

"என்னன்னு சொல்ல அத்தான்? டச்சிங் பண்ணலன்னு காட்டத்தான் கூப்பிட்டிருக்காவ."

பஸ் போகும் நேரத்தில் மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புளிச்சோற்றை நாங்கள் நாலு பேரும் இரவில் சாப்பிட்டோம். எனக்குப் பிடித்த அப்பளத்தை மாமா தன் இலையிலிருந்து எடுத்து எனக்கு வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் வயற்காட்டுப் பக்கம் போகவில்லை. தொலைநோக்கிக் குழாய் மாடியில் மழைநீர் இறங்கும் குழாயாகிவிட்டது. பல வருஷம் கழித்து அம்மா எனக்கு எல்லாவற்றையும் விளங்கச் சொன்னபோது, மாமா பக்கத்து அறையில் காமாலையில் படுத்திருந்தார். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வாசற்படி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழெட்டு நாள் கடத்தினேன். மாமாவுக்கு அவ்வளவு நாள்தான் இருந்தது.

நெகட்டிவைச் சுரண்டிய அன்றிரவு மட்டும் நான் சந்தோஷமாகத் தூங்கினேன். மாமா என் வேலையைப் பாராட்டியிருந்தார். எதற்காக ஊருக்குப் போகவில்லை என்பதும் எனக்குப் புரிந்ததாகவே நினைத்தேன். அந்த ஒரு கறை போகாததால்தான். இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் அதையும் எடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

மறுநாள் சாரல் விழ ஆரம்பித்தது. மாமா ஐந்தருவிக்குப் போய் நாலு ரோல் எடுத்து வந்தார். புள்ளிகளை நான்தான் சுரண்டினேன்.